சுளுக்காத கை

1998 மார்ச் 11, புதன்கிழமை காலை, ஓவியக் கல்லூரிக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு வாடகை வீட்டின் சமையலறையில், ஒரு தாய் தன் மகனின் வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் சுளுக்கு எதுவும் இல்லை.

“இறுக்காதம்மா. நிஜமாவே வீங்கிடப் போவுது.”

“வீங்கட்டும். பாக்கறவங்க நம்புவாங்க.”

மகள் குழாயடியில் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். தாய் திரும்பிப் பார்க்காமலே பேசினாள். “உன் அண்ணனுக்கு உதவி பண்ணின, அவ்வளவுதான். அதுக்குப் போய் ஊரைக் கூட்டி நியாயம் பேசணுமா?”

“நான் எதுவும் பேசலையே.”

“பேசாம இருக்கியே, அதுதான் பயமா இருக்கு.”

அண்ணனுக்கு இறுதியாண்டு. தங்கைக்கு அதே கல்லூரியில் இரண்டாமாண்டு. இறுதியாண்டுத் தேர்வுக்கு ஒரே பொருளை ஐந்து பாணிகளில் வரைந்து கொடுக்க வேண்டும். அண்ணன் ஒரு தண்ணீர்க் கூஜாவைத் தேர்ந்தெடுத்தான். மூன்று வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தங்கையின் அறை வாசலில் வந்து நின்றான்.

“பீச்சாங்கை மேடம், கொஞ்சம் கருணை காட்டுங்க.”

இடது கையால் வரைவதால் சின்ன வயதிலிருந்தே அவன் அவளுக்கு வைத்திருந்த பெயர் அது. பள்ளிக்கூடம் ஒன்று அவனுக்கு ஓவிய ஆசிரியர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. தேர்வில் தேறினால் வேலை. அப்பா, அம்மா, அண்ணன் மூன்று பேரும் கேட்டார்கள். அவள் வரைந்தாள்.

பிடித்துத்தான் வரைந்தாள். முதல் கூஜாவுக்கு நிழலே கிடையாது. மயிரிழைக் கோட்டில் விளிம்பும், உடலெங்கும் பூவேலையும். இரண்டாவதில் விளிம்பே கிடையாது. வெயில் பட்ட இடமும் படாத இடமும் மட்டும் வண்ணத் திட்டுகளாக. மூன்றாவது கூஜா உடைந்து, அதன் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நேரத்தில் தெரிந்தன. நான்காவதை மைத்தூரிகையால் நாலே வீச்சில் முடித்திருந்தாள். ஐந்தாவது பேனாக் கோடுகளால் ஆனது. ஒவ்வொரு பாணியும் உலகத்தை ஒவ்வொரு விதமாக நம்புகிறது என்பது அந்தக் கூஜாவை வரையும்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அதுவரை வகுப்பில் குறிப்பெடுத்துக்கொண்டதோடு சரி.

பாணிகள் வகுப்பு எடுக்கும் ஆசிரியைதான் கண்டுபிடித்தார். வலது கைக்காரர் நிழலுக்கு இழுக்கும் கோடுகள் மேலே வலப்புறத்திலிருந்து கீழே இடப்புறமாகச் சாயும். இடது கைக்காரருக்கு அது அப்படியே எதிராக இருக்கும். அண்ணனின் ஐந்தாவது படத்திலும் தங்கையின் வகுப்புப் பயிற்சியிலும் கோடுகள் ஒரே பக்கம், இடது கைப் பக்கம் சாய்ந்திருந்தன. இரண்டும் ஒரே கை. யாருடைய கை என்பதற்குத்தான் அன்றைக்கு விசாரணை. அடுத்தவர் படத்தைத் தன்னுடையது என்று காட்டியவரைக் கல்லூரி நீக்கிவிடும்.

கட்டுப் போட வேண்டியது இடது கைக்கு என்று தங்கைக்குத் தெரிந்திருந்தது. அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்தாள். முந்தின நாள் மாலை அப்பா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “நீ ஒண்ணும் பயப்படாத. நான் வந்து உள்ளதை உள்ளபடி சொல்லிடறேன்” என்றிருந்தார்.

அப்பா சட்டைத் தொழிற்சாலையில் துணி வெட்டுபவர். அம்மா அவளுடைய இடது கையில் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்த வயதில், இடது கைக்காரர்களுக்கென்றே செய்த கத்தரிக்கோல் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தவர். “கை எதுவா இருந்தா என்ன, வெட்டு நேரா இருக்கணும்” என்று அன்றைக்கு அம்மாவிடம் சொன்னார். அந்தக் கத்தரிக்கோல் இன்னும் அவள் பையில் இருந்தது.

கூட்ட அறையில் ஐந்து கூஜாப் படங்களும் மேசைமேல் இருந்தன. முதல்வர் ஒரு பக்கம், ஆசிரியை ஒரு பக்கம். குடும்பம் எதிரே.

“நீங்க எந்தக் கையால வரைவீங்க தம்பி?” என்று ஆசிரியை கேட்டார்.

அண்ணன் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். “இதான் மேடம். அதான் இப்ப வரைஞ்சு காட்ட முடியல.”

ஆசிரியை முதல்வரைப் பார்த்தார். “சார், வலது கைன்னு அவரே சொல்றார்.”

“காகிதத்தைத் திருப்பி வச்சு வரைஞ்சிருப்பான்மா,” என்றார் முதல்வர். பிறகு அப்பாவிடம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. யார் வரைஞ்சது?”

அப்பா எழுந்து நின்றார். உட்கார்ந்தே சொல்லலாம் என்றார்கள். அவர் உட்காரவில்லை.

“பையன்தான் சார். ராத்திரி பகலா உக்காந்து வரைஞ்சான். இவ பக்கத்துல இருந்து பாத்துப் பாத்துப் பழகிக்கிட்டா.”

“பொண்ணுக்கு இடது கைப் பழக்கம் உண்டா?”

“எங்க வீட்ல யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லைங்க.”

தங்கை அப்பாவையே பார்த்தாள். அவர் மேசை விளிம்பின் நேர்த்தியைச் சோதிப்பவர்போல அதன் மீது விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்தாள். ஆசிரியையிடம் பேனாவைக் கேட்டு வாங்கினாள். முதல்வரின் மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையை, நின்றபடியே, இடது கையால் வரைந்தாள். கோடுகள் சாயவேண்டிய பக்கம் சாய்ந்தன.

முதல்வர் அதை வாங்கி நெடுநேரம் பார்த்தார். “நல்லா இருக்கு. பாணியைப் பிடிக்கிறதுல நீ கெட்டிக்காரி. அஞ்சு பாணியும் வருதுன்னா அண்ணன் பாணி வராதா?”

“அண்ணனோட பாணி எது சார்?” என்று அவள் கேட்டாள்.

பெற்றவரே சொன்ன பிறகு கல்லூரி இதற்கு மேல் கிளற வேண்டியதில்லை என்று முதல்வர் முடித்துவைத்தார். அண்ணன் படத்தைப் பார்த்து வகுப்புப் பயிற்சி செய்ததாகத் தங்கையை நீக்கினார்கள்.

மாடிப்படியில் அப்பா அவள் பின்னால் வேகமாக இறங்கி வந்தார். “கொஞ்சம் நில்லும்மா. நீ நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவ. உன் பேரு எந்த வீட்டோட சேருமோ. அவன் பேருதான் நம்ம வீட்டு வாசல்ல நிக்கும்.”

அவள் பையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“இது எதுக்குடா எனக்கு?”

“நம்ம வீட்ல யாருக்கும் இந்தப் பழக்கம் இல்லியேப்பா.”

மதியம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். அண்ணன் கட்டை அவிழ்த்திருந்தான். அவள் சோற்றை இடது கையால் பிசைந்தாள். அம்மா பார்த்தாள், அடிப்பதற்கு அம்மாவின் கை தானாக உயர்ந்து, பிறகு தண்ணீர்ச் செம்பின் பக்கம் போனது. மகள் இடது கையாலேயே சாப்பிட்டு முடித்தாள்.

அண்ணனுக்கு ஜூன் மாதம் அந்தப் பள்ளியில் வேலை கிடைத்தது. அவள் வேறொரு ஊரில் சுவர் விளம்பரம் எழுதும் கடையில் சேர்ந்தாள், வீட்டுக்கு வரவில்லை. ஐந்து கூஜாக்களும் கல்லூரியின் முதலாண்டு வகுப்பறையில் மாட்டப்பட்டன. பாணிகளைப் புரிந்துகொள்ள மாணவர்களுக்கு இப்போதும் அவற்றைத்தான் காட்டுகிறார்கள். ஐந்தாவது படத்தின் கீழே ஆசிரியை ஒரு குறிப்பு எழுதி ஒட்டியிருக்கிறார்: “கோடுகளின் சாய்வைக் கவனிக்கவும். வரைந்தவர் இடது கைக்காரர்.” அதற்குக் கீழே அண்ணனின் கையெழுத்து. அது வலது பக்கம் சாய்ந்திருக்கிறது.