பாறைக்குளத்தில் எடுத்த படம்

ஆசிரியர்களுக்கான வலைப்பூப் பயிற்சி வகுப்பு முடிந்த மறுநாளே எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. போனில் படம் எடுத்து ஒரு முகவரிக்கு அனுப்பினால் போதும், அடுத்த நிமிஷம் வகுப்பின் வலைப்பூவில் எல்லோரும் பார்க்க வந்துவிடும். இருபது வருஷம் சாக்பீஸ் பிடித்த எனக்கு, சின்னப் பிள்ளைக்குப் புது சைக்கிள் கிடைத்த மாதிரி இருந்தது.

அன்று நான்காம் வகுப்பைக் கடற்கரைப் பாறைக்குளங்களுக்குக் கூட்டிப் போயிருந்தோம். கூட வந்த டெரெக் வாத்தியார் பதினோரு படம் அனுப்பிவிட்டான். நான் மட்டும் விடுவேனா? நட்சத்திர மீனோடு சிரித்த பிள்ளைகளை எடுத்து அனுப்பினேன்.

"உன் படத்துல வெறும் நண்டுதான்டா. என்னுதுல பாரு, முகம்!"

போனை வாங்கிப் பார்த்தவன் சிரிக்கவில்லை.

"ரோண்டா, ஓரத்துல நிக்கிறது டாலியாவா?"

டாலியாவைப் படம் எடுக்கவே கூடாது. அடித்து நொறுக்கும் அப்பனிடமிருந்து தப்பி, ஊரையும் பேரையும் மாற்றிக்கொண்டு வந்த குடும்பம் அது. படத்தில் அவள் முகம் தெளிவாக இருந்தது. தொப்பியில் பள்ளியின் பெயர் அதைவிடத் தெளிவாக இருந்தது.

"எடுத்துடு, சீக்கிரம்!"

"போன்ல அனுப்பத்தான்டா முடியும். எடுக்கணும்னா கம்ப்யூட்டர் வேணும்."

பிள்ளைகளை அவனிடம் விட்டுவிட்டு மணல்மேட்டில் ஏறிப் பள்ளி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு. ஆறாவது தடவை அலுவலக உதவியாளர் நோலின் எடுத்தாள். படத்தை எடுக்கணும் என்றேன்.

"எனக்கும் அந்தக் கம்ப்யூட்டர் பொட்டிக்கும் ஆகாதுன்னு தெரியுமில்ல, ரோண்டா?"

"நோலின், தயவுசெஞ்சு இப்ப பேசாத. நான் சொல்றத மட்டும் அடி."

ஒற்றை விரலால் தட்டினாள். கடவுச்சொல் தப்பு என்றது. டெரெக்கைப் பார்த்துக் கத்தினேன். "பெரிய எழுத்துல ஆரம்பிக்கணும்!" என்று கீழேயிருந்து அவனும் கத்தினான். சிக்னல் போய்ப் போய் வந்தது. அந்த நேரத்தில் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"ஆ, படம் போயிடுச்சு" என்றாள் நோலின். "ஏழு பேர் பாத்திருக்காங்கன்னு காட்டிச்சு."

தலைமையாசிரியரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி விஷயத்தைச் சொன்னேன். டாலியா வீட்டில் தானே பேசுவதாகச் சொன்னார். நான் விடவில்லை. தப்பு என்னுடையது. டாலியாவின் அம்மா கெரின் முதல் மணியிலேயே எடுத்தாள். ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"எத்தனை பேர் பாத்தாங்க, மிஸ்?"

"ஏழு பேர்."

"யார் யாருன்னு தெரியுமா?"

"தெரியாதும்மா. நம்ம ஸ்கூல் ஆளுங்களாத்தான் இருக்கும்."

அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"இந்த ஊர்லதான் அவ பயப்படாம தூங்க ஆரம்பிச்சா" என்றாள். "அவ நோட்டெல்லாம் எடுத்து வைங்க, மிஸ். மூணு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

எங்கே போகிறீர்கள் என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. கீழே டாலியா தண்ணீரில் குதித்துக்கொண்டு, "மிஸ், நாளைக்கும் வரலாமா?" என்று கூப்பிட்டாள்.