யாருக்கும் வேண்டாத கோல்

இவானோ புருசாத்தினுக்கு வயது நாற்பத்தைந்து. அவனுடைய முழங்கால்களுக்கு எழுபது இருக்கும். பத்தொன்பது வருடம், பதினோரு கிளப், எல்லாமே மூன்றாம் டிவிஷன். நடுக்களத்தில் ஓடி ஓடிப் பந்தைப் பிடுங்கி அடுத்தவன் காலில் கொடுப்பதே பிழைப்பு. கைதட்டல் அடுத்தவனுக்கு, சுளுக்கு இவனுக்கு. ஓய்வுக்குப் பின் மச்சினனின் டைல்ஸ் கிடங்கில் பெட்டி தூக்கினான். அதுவும் சலித்துப்போய், இன்று நதிக்கு அக்கரையில், ஃபாவுஸ்தோ மென்கினியின் காபி பாரில் கோச் வேலை கேட்டு உட்கார்ந்திருந்தான்.

ஃபாவுஸ்தோதான் அந்த ஊர் அணியின் செயலாளர். கோச் யாரென்று முடிவு செய்வதும் அவனே. ஒரு காலத்தில் அதே அணியின் கோல்கீப்பர். இவானோ வாழ்நாளில் போட்ட ஒரே கோல் அவனுக்கு எதிராகத்தான்.

பதினைந்து வருடம் முன்பு, சீசனின் கடைசி ஆட்டம். டிரா ஆனால் இரண்டு அணியும் கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பும். அப்படிப்பட்ட நாளில் யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்வதில்லை, எல்லோருக்கும் தெரியும். பந்தைப் பக்கவாட்டில் உருட்டிப் பொழுதைக் கழிப்பார்கள். பார்க்க வந்தவர்களும் பூசணி விதை கொறித்தபடி கோபப்படாமல் இருப்பார்கள். எண்பத்தெட்டாவது நிமிடம் இவானோ உதைத்த பந்து வலைக்குள் போய்விட்டது.

சொந்த அணியில் ஒருத்தன்கூட அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை.

"என்னடா பண்ணித் தொலைச்ச?" என்றான் கேப்டன்.

"கோலுக்கு அடிக்கல, நம்மாளுக்குத்தான் கிராஸ் தூக்கிப் போட்டேன். காத்து இழுத்துட்டுப் போயிடுச்சு."

அவர்கள் சமன் செய்துகொள்ளட்டும் என்று மிச்ச நேரம் இவானோவின் அணி வழிவிட்டு நின்றது. அவர்களோ பதறிப்போய் வானத்தைப் பார்த்து உதைத்தார்கள். அக்கரை அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. பாவம், காற்றடித்தால் அவன் என்ன செய்வான் என்று அக்கரை ஊர் இவானோவை மன்னித்துவிட்டது. ஃபாவுஸ்தோவைத்தான் விடவில்லை.

"என் கல்யாணத்துக்கு என்ன பரிசு குடுத்தானுங்க தெரியுமா?" ஃபாவுஸ்தோ காபியை வைத்தான். "மின்விசிறி. 'காத்து வருது, பாத்துக்கோ'ன்னு ஒரு சீட்டு வேற."

இவானோவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"தப்பிப்போன கிராஸைக்கூடப் புடிக்கத் தெரியாதவன்னு இன்னிக்கும் என் பார்ல உக்காந்தே சொல்றானுங்க. அதை விடு. கோச் வேலை உனக்குத்தான். ஊருக்கு உன்மேல கோபம் இல்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அது கிராஸா, இல்ல கோலுக்குன்னே அடிச்ச ஷாட்டா?"

கிராஸ் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை. ஷாட் என்றால், வேண்டுமென்றே இந்த ஊரைக் கீழே தள்ளியவன். இவானோ காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். அன்று மேல் மூலை திறந்து கிடந்தது. அத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவையாவது தனக்காக உதைக்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். அதற்காக இந்த மனிதன் பதினைந்து வருடம் பேச்சு வாங்கியிருக்கிறான். வெட்கமாக இருந்தது. அதைவிட, அலுப்பாக இருந்தது. இன்னொரு தடவை காற்றின்மேல் பழி போட அவனுக்குத் தெம்பில்லை.

"ஷாட்டுதான். பாத்துதான் அடிச்சேன், மேல் மூலைக்கு. அதை எந்தக் கொம்பனாலயும் புடிச்சிருக்க முடியாது."

ஃபாவுஸ்தோ அவன் கையிலிருந்த காபிக் கரண்டியை வாங்கி மேசையில் வைத்தான்.

"உனக்கு வேலை போச்சுடா. இந்த ஊர்ல உன்னை நிக்கக்கூட விடமாட்டாங்க."

"தெரியும்."

ஃபாவுஸ்தோ எழுந்து பின்கட்டுக் கதவைத் திறந்தான். உள்ளே சீட்டாடிக்கொண்டிருந்த கிழவர்கள் நிமிர்ந்தார்கள். "ரொசெல்லா, நீயும் வா!" என்று சமையலறைப் பக்கம் கத்தினான். அவன் மனைவி ஈரக்கையைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

"இப்பச் சொல்லு," என்றான் ஃபாவுஸ்தோ. "சத்தமாச் சொல்லு. அந்த மேல் மூலையையும் சேத்துச் சொல்லு."

இவானோ மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து நின்று, சொன்னான்.