மைனஸ் நாற்பத்தைந்து டிகிரி

…ஆக, கலப்பெண்ணின் நீளத்தை அடுக்கில் ஏற்ற வேண்டும், கோணத்தை வெறுமனே பெருக்கினால் போதும், போன தடவை இதைத் தலைகீழாகச் செய்துதான் அரியர் விழுந்தது, அதற்கு முந்தைய தடவை, நீளம், கோணம் என்று எழுதும் இந்தத் துருவ வடிவமே வேண்டாமென்று அடைப்புக்குறியை அடைப்புக்குறியால் பெருக்கிக்கொண்டே போனேன், பாதி வழியில் மணி அடித்துவிட்டது… இந்த முறை அப்படியில்லை. ‘மைனஸ் ஒன்று கூட்டல் ஐ, இதன் பத்தாம் அடுக்கைக் காண்க.’ கண்டுவிட்டேன். நீளம் ரூட் இரண்டு, அதன் பத்தாம் அடுக்கு முப்பத்திரண்டு. கோணம், கால்குலேட்டர் வாக்குப்படி, மைனஸ் நாற்பத்தைந்து, பத்தால் பெருக்கி ஒரு முழுச் சுற்றைத் தள்ளினால் மைனஸ் தொண்ணூறு, அதாவது நேர் கீழே, விடை மைனஸ் முப்பத்திரண்டு ஐ. என்ன அழகு! இந்தக் கணக்கோடு பாஸ் மார்க் தேறிவிடும். “எங்க மேனேஜர் கால்ல விழாத குறையா உனக்கு வேலை கேட்டு வச்சிருக்கேன், இந்தப் பேப்பரும் ஊத்திக்கிச்சுன்னா என்னை அக்கான்னு கூப்பிடாத” என்றாள் அக்கா காலையில். பிறகு எப்படிக் கூப்பிடுவதாம், மேடம் என்றா?

“என்ன தம்பி, சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க?” என்றார் ஹால் சூப்பர்வைசர். “விடைய ரசிச்சுக்கிட்டிருக்கேன் சார்.” “ரசிச்சது போதும், பேப்பரைக் குடுங்க.” மணி அடித்தது, கொடுத்தேன், கொடுத்த கை இறங்குவதற்குள் உறைத்தது… மைனஸ் ஒன்றென்றால் இடப்பக்கம் ஒன்று, கூட்டல் ஐ என்றால் மேலே ஒன்று, அப்படியானால் படத்தில் அம்பு இடது மேல் மூலையைத்தானே பார்க்க வேண்டும்? நான் போட்டது வலது கீழ் மூலை! கால்குலேட்டருக்கு விகிதம் தெரியும், மூலை தெரியாது, படம் போட்டுப் பார்க்க வேண்டியது நான். நூற்று முப்பத்தைந்து அல்லவா கோணம்! மாடிப்படியில் நின்று பத்தால் பெருக்கினேன், மூன்று சுற்றைக் கழித்தேன், இருநூற்றெழுபது… அட, அதுவும் நேர் கீழே! என் அம்பு நேர் எதிர்த்திசையில் திரும்பி நின்றாலும், அடுக்கு இரட்டைப்படை என்பதால் தப்பெல்லாம் ஜோடி ஜோடியாக அடித்துக்கொண்டு காணாமல் போய்விட்டது. ஒன்பதாம் அடுக்கென்றால் தொலைந்தேன்.

கீழே மரத்தடிக்கு வந்ததும் போன் அடித்தது. “பாஸாவியா மாட்டியாடா?”

“விடை சரிதான்க்கா.”

“அப்ப எது தப்பு?”

இவளுக்கு மட்டும் எப்படித்தான் மூக்கு வேர்க்கிறதோ. “வழி கொஞ்சம்…” என்று இழுத்தேன், அவள் ஏதோ திட்டினாள், மரத்தடிக் காற்று சுகமாக இருந்தது, வழிக்கு மார்க்கா விடைக்கு மார்க்கா, யார் கண்டது… அது போகட்டும், இந்தப் பத்தைத் தேர்ந்தெடுத்த புண்ணியவான், என்னைப் போன்றவர்கள் பிழைத்துப் போகட்டும் என்றா போட்டார், இல்லை, அவருமே கால்குலேட்டரைத்தான் நம்பினாரா?