தகப்பனார் பெயர்

பினாங்கிலிருந்து வந்த கடிதத்தை எழுதியவர் அண்ணாமலையின் கடைப் பங்காளி. அண்ணாமலைக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறுகிறது, மகனை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று ஓயாமல் சொல்கிறார், அடுத்த கப்பலுக்குப் புறப்பட்டு வரவும் என்று எழுதியிருந்தார்.

கோனாபட்டு வீட்டில் அதைப் படித்த தேனப்பன் அன்றைக்கே கிளம்பியிருப்பான். ஆனால் அது ஐம்பத்தைந்தாம் வருஷம். முன்போல் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு கப்பலேறிவிட முடியாது. பாஸ்போர்ட் வேண்டும். அம்மைக்கும் காலராவுக்கும் ஊசி போட்ட சர்டிபிகேட் வேண்டும். அதற்கு மேல் மலாயா சர்க்காரின் அனுமதிச் சீட்டு வேண்டும். அங்கே இருப்பவரின் மனைவி மக்கள் என்றால்தான் அது சீக்கிரம் கிடைக்கும் என்பதால், பங்காளியே அங்கிருந்து மனுப்போட்டு வாங்கி அனுப்புவதாக எழுதியிருந்தார்.

தேனப்பன் பிறந்தது ராயவரத்தில், அண்ணாமலையின் மகனாக. அப்போது அவன் பெயர் குமரப்பன். பள்ளி இறுதித் தேர்வு எழுதி முடித்த கையோடு, கோனாபட்டில் ஆண்டியப்பன் வீட்டுக்கு அவனைச் சுவீகாரமாகப் பிள்ளை விட்டார்கள். ஆண்டியப்பன் காலமாகி, அவர் மனைவி சேதுலட்சுமி ஆச்சி வாரிசில்லாமல் தனியாக இருந்தார். ஊர் கூடி, கோயிலில் சொல்லி, பத்திரமும் பதிவாயிற்று. அந்த வீட்டுப் பெரியவர் பெயரைச் சூட்டி அவனைத் தேனப்பன் ஆக்கினார்கள். ஆண்டியப்பன் மகன் தேனப்பன் என்றுதான் ஓட்டுப் பட்டியல் சொன்னது, புதுக்கோட்டையில் அவன் நடத்திய இரும்புக் கடையின் பெயர்ப்பலகையும் சொன்னது. பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் அவன் அப்படித்தான் எழுதினான். வேறெப்படி எழுதுவது என்று அப்போது அவனுக்குத் தோன்றக்கூட இல்லை.

அலையாய் அலைந்து பாஸ்போர்ட் வந்தது. ஊசி போட்ட தோள் வீங்கிக் காய்ச்சல் கண்டு தணிந்தது. பங்காளி அனுப்பிய அனுமதிச் சீட்டு நேரே நாகப்பட்டினத்துக் கப்பல் ஏஜெண்டிடம் வந்து சேர்ந்திருப்பதாகத் தகவல் வர, டிரங்குப் பெட்டியோடு தேனப்பன் நாகப்பட்டினம் போய் இறங்கினான். கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றது. ஜனங்கள் படகுகளில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஏஜெண்ட் ஆபீஸ் குமாஸ்தா இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சீட்டில் அண்ணாமலை மகன் குமரப்பன் என்று இருந்தது. பாஸ்போர்ட்டில் ஆண்டியப்பன் மகன் தேனப்பன் என்று இருந்தது.

“குமரப்பன் எங்கங்க?” என்றார் அவர்.

“நான்தாங்க.”

“அப்ப இந்த பாஸ்போர்ட் யாரோடது?”

“அதுவும் என்னுதுதாங்க.”

தேனப்பன் எல்லாவற்றையும் விளக்கினான். குமாஸ்தா பொறுமையாகக் கேட்டார். தனக்குப் புரிகிறது என்றும், பினாங்குத் துறையில் நிற்கும் வெள்ளைக்காரனுக்குப் புரியாது என்றும், திருப்பி அனுப்பினால் அந்தச் செலவு கப்பல் கம்பெனி தலையில் விழும் என்றும் சொல்லி, இரண்டு காகிதங்களையும் அவன் பக்கம் தள்ளினார். மத்தியானம் கப்பல் புகைவிட்டுக்கொண்டு கிளம்பியதைத் தேனப்பன் பெட்டியின் மேல் உட்கார்ந்தபடி பார்த்தான்.

பங்காளிக்கு எழுதினான். பதில் வர ஒரு மாதம் ஆயிற்று. அங்கே மகனுக்குத்தான் அனுமதி, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இல்லை என்று கைவிரித்துவிட்டார்களாம். பாஸ்போர்ட்டில் இன்னார் பெற்ற பிள்ளை, இன்னார் வீட்டுக்குச் சுவீகாரம் போனவர், முன்பு இன்ன பெயர் என்று எழுதி வாங்கினால் ஒத்துக்கொள்வார்களாம். அப்படி எழுதுவதற்குச் சுவீகாரத் தாய் மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்திட்ட பத்திரம் வேண்டும் என்றார் புதுக்கோட்டை வக்கீல்.

அதை ஆச்சியிடம் கேட்கத்தான் தேனப்பனுக்கு வாய் வரவில்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஆச்சி ராயவரத்துப் பேச்சையே எடுத்ததில்லை. நல்லது பொல்லாததற்கு அவன் அங்கே போய் வந்தால், எங்கே போனாய் என்று கேட்காமல் இலை போடுவார். வாரக் கணக்கில் தள்ளிப்போட்டு, ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டான்.

ஆச்சி மோர்ச் சட்டியைக் கீழே வைத்தார்.

“ஒன்னையப் பிள்ளை கூட்டுனப்ப எம்மகன்னு ஒரு காயிதத்துல கையெழுத்து வாங்குனாக. இப்ப இல்லேன்னு இன்னொண்ணுல போடணுமாப்பா?”

“இல்லேன்னு எழுதலை ஆத்தா. ரெண்டும்தான் எழுதியிருக்கு.”

“ரெண்டும்னா, படிக்கிறவன் எதைப் பெருசா எடுத்துக்குவான்?”

இரண்டு நாள் ஆச்சி முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு வந்து, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். கோர்ட்டு வராந்தாவில் வெயில் ஏறும்வரை காத்திருந்து, கூப்பிட்டதும் உள்ளே போய், வக்கீல் படித்துக் காட்டியதைக் கேட்டு, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில், மலாயாவில் பக்கவாதத்துக்கு என்ன வைத்தியம் பார்ப்பார்கள் என்று மட்டும் கேட்டார்.

இனி விக்கினம் இல்லை என்று தேனப்பன் நினைத்தான். விண்ணப்பம் போயிற்று. குமரப்பன் என்பவர் உண்டா என்று விசாரிக்க ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் ராயவரம் போனார். வீடு பூட்டிக் கிடந்தது. தேனப்பனைப் பெற்றவள் என்றைக்கோ போய்ச் சேர்ந்துவிட்டாள், சகோதரிகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. எதிர் வீட்டு முத்தாள் உள்ளதைத்தான் சொன்னாள். குமரப்பன்னு இங்கிட்டு இப்ப யாரும் இல்லைங்க, அந்தப் பிள்ளையக் கோனாபட்டுக்கு விட்டாச்சுங்க என்று சொன்னாள். அதில் முன்பாதியை மட்டும் அவர் எழுதிக்கொண்டு போனார். விண்ணப்பதாரர் சொல்லும் நபர் இருப்பதாகத் தெரியவில்லை என்று சிவப்பு மையில் குறித்துக் கட்டு முழுவதும் திரும்பி வந்தது.

தேனப்பன் விண்ணப்பம் கொடுத்த ஆபீஸுக்குப் போய்ச் சத்தம் போட்டான். கடையில் கடன் பாக்கிக்காரனிடம்கூட அவன் அப்படிப் பேசியதில்லை. உயிரோடு முன்னால் நிற்கிறேனே, நான் இல்லையா என்று மேஜையைத் தட்டினான். அங்கே இருந்த கிளார்க் கோபப்படவில்லை. நீங்கள் இருக்கிறீர்கள், குமரப்பன்தான் இல்லை, மறுபடி மனுக் கொடுங்கள் என்றார். வெளியே வந்து புளியமரத்தடியில் நின்றான். அங்கே அந்த மனுஷர் ஒரு பக்கம் விழுந்து கிடக்கிறார், இங்கே நான் என்னைத் தேடிக்கொண்டு அலைகிறேன் என்று நினைக்க அழுகையாக வந்தது.

மறுபடி மனுக் கொடுத்தான். அது போன இடம் தெரிவதற்குள் பினாங்கிலிருந்து தந்தி வந்தது. அண்ணாமலை தாமே ஊருக்குப் புறப்பட்டுவிட்டார், கடைப் பையன் ஒருவன் துணைக்கு வருகிறான், நாகப்பட்டினத்தில் வந்து கூட்டிக்கொள்ளவும் என்று இருந்தது.

நோயாளியைப் பிரம்பு நாற்காலியோடு படகிலிருந்து தூக்கி இறக்கினார்கள். இத்தனை இளைத்திருப்பார் என்று தேனப்பன் நினைத்திருக்கவில்லை. சுங்கச் சாவடியில் இருந்த அதிகாரி, கூட்டிப்போக வந்த உறவுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினார். தேனப்பன் தன் பெயரையும் மகன் என்றும் எழுதி, ஒரு துணிப்பை நிறையக் கொண்டுவந்திருந்த காகிதங்களை எடுக்கப் போனான். அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த ஆள் என்றார்.

காரில் அண்ணாமலை வெகுநேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். தஞ்சாவூர் தாண்டியபின், குழறலாக, ஒவ்வொரு சொல்லாக, “ஒனக்கு வர இஷ்டமில்லைன்னு நெனச்சேன்” என்றார். தேனப்பன் சொல்ல ஆரம்பித்தான். பாதி சொல்வதற்குள் அவர் தூங்கிவிட்டார்.

கோனாபட்டுக்கே கூட்டி வா என்று ஆச்சி சொல்லி அனுப்பியிருந்தார். வழியில் விழித்த அண்ணாமலை அதற்கு ஒரேயடியாக மறுத்துவிட்டார். பிள்ளையை விட்ட வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வது முறையில்லை என்றார். ராயவரத்து வீட்டின் பூட்டு துருப்பிடித்து, கொல்லனைக் கூப்பிட்டுத்தான் திறக்க முடிந்தது. முத்தாள் வந்து கூட்டிப் பெருக்கிப் படுக்கை போட்டாள். மறுநாள் காலையில் சேதுலட்சுமி ஆச்சி வில்வண்டியில் தூக்குச்சட்டியோடு வந்து இறங்கினார். கஞ்சியைத் தேனப்பன் கையில் கொடுத்துவிட்டு, அண்ணாமலை கண்ணில் படாமல் பட்டாசாலைக் கூடத்தில் தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

தேனப்பன் ஒவ்வொரு கரண்டியாக ஊட்டிக்கொண்டே முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். நாகப்பட்டினத்தில் கப்பல் போனதை, சைக்கிளில் வந்த போலீஸ்காரரை, ஆத்தா கோர்ட்டுக்கு வந்ததை. அண்ணாமலைக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியவில்லை. ஆத்தா கையெழுத்துப் போட்டதைச் சொன்னபோது மட்டும் அவர் விழுங்குவதை நிறுத்தினார்.

“வரணும்னுதான் இருந்தியா?”

“ஆமா அப்பச்சி.”

பிள்ளை விட்ட பிறகு, தகப்பனாரை அழைக்கும் அந்தச் சொல்லைச் சொல்ல அவனுக்குச் சந்தர்ப்பமே வாய்த்ததில்லை. தூணுக்கு அந்தப் பக்கம் ஆச்சிக்குக் கேட்டிருக்கும் என்று அவன் திரும்பிப் பார்த்தான். ஆச்சி தலையைக் குனிந்து, தூக்குச்சட்டியின் மூடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“கஞ்சி சூடு ஆறப் போகுதுப்பா, அவுகளுக்குக் குடு” என்றார்.