பெட்டிக்கு இரண்டு கிலோ

கம்பத்துத் திராட்சை மண்டிகளில் என் தராசுக்கு ஒரு பெயர் உண்டு. பலவேசம் மண்டியில் நிறுத்தால் மறுபேச்சு இல்லை என்பார்கள். ஒரு வருஷம்கூட அரசாங்க எடை முத்திரை தவறியதில்லை. அந்தத் திமிரில்தான் மாப்பிள்ளையை அதில் ஏற்றினேன்.

மாப்பிள்ளை டேனி வெதரால் இங்கிலாந்துக்காரர். தொழில், குத்துச்சண்டை. என் மகள் ஓவியா டான்காஸ்டரில் நர்ஸாக இருந்தபோது, புருவம் கிழிந்து தையல் போட வந்தவர். கிழிந்த புருவத்தைப் பார்த்த பிறகும் ஒருத்தி கட்டிக்கொள்வாளா என்று கேட்டால், என் மகள் கட்டிக்கொண்டாள். பத்திரிகை வைக்கப் போன வீட்டில் எல்லாம் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். விளையாட்டுத் துறை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவருடைய பிரிவுக்குக் குரூசர்வெயிட் என்று பெயர். ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழே. தொண்ணூறு கிலோ எழுநூறு கிராமுக்கு மேல் ஒரு கிராம் கூடினாலும் பட்டத்துக்குச் சண்டை போட முடியாதாம். பகலில் சுவர் பூசுகிற வேலை, சாயங்காலம் பயிற்சி என்று ஒன்பது வருஷம் ஓட்டியிருக்கிறார். முதல் பன்னிரண்டு சண்டையும் வெற்றி. பதிமூன்றாவதில் ஒரு போலந்துக்காரன் விலாவில் குத்தி உட்கார வைத்தான். அதன் பிறகு ஏறுவதும் இறங்குவதுமாக இருபத்து மூன்று சண்டை முடிந்திருந்தது. பதினேழு வெற்றி, ஐந்து தோல்வி, ஒன்று சமம். எல்லாவற்றையும் போனில் பார்த்திருக்கிறேன். யார் ஜெயித்தார் என்று நடுவர் கையைத் தூக்கும் வரை எனக்கு ஒருமுறைகூடப் புரிந்ததில்லை.

கடைசிச் சண்டையில் ஜெயித்தவர் இவர்தான். ஆனால் ஓவியா போனில் அழுதாள்.

"ஒரே கேள்விய மூணு தடவ கேக்குறாகப்பா. சாவிய ஃபிரிட்ஜுக்குள்ள வச்சுட்டு வீடெல்லாம் தேடுறாக. நான் நர்சு. எனக்குத் தெரியாதா இது எங்க போயி முடியும்னு?"

விட்டுவிடச் சொன்னால், ஒரு பட்டம் வாங்கிவிட்டு விடுகிறேன் என்றாராம். துபாயில் பட்டச் சண்டையும் அமைந்துவிட்டது. தலைப்பிரசவத்துக்கு ஓவியாவைத் தாய் வீட்டுக்கு அழைத்து வந்தோம். வளைகாப்புக்கு அவரும் கூட வந்தார். பன்னிரண்டு நாள் இங்கே, அப்புறம் கொச்சியிலிருந்து நேராகத் துபாய். இறங்கிய மறுநாள் மதியம் எடை பார்ப்பார்கள்.

வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை முட்டை வெள்ளைக்கருவும் வெள்ளரிக்காயும் போதும் என்றால் என் மனைவி சங்கிலியம்மாள் சும்மா இருப்பாளா? "எங்கூட்டுச் சோறு எறங்கலையாக்கும்" என்று மூக்கைச் சிந்தினாள். மூன்று நாட்டுக்கோழி தப்பித்தது.

ஓவியாவிடம் ஒரு சின்ன எடைமெஷின் இருந்தது, குளியலறைத் தரையில் வைக்கிற மாதிரி. அதில் அவர் தொண்ணூற்று மூன்றைத் தாண்டினார். எனக்கு ரோஷம் வந்தது. "அது பொம்ம மாப்ள, மண்டித் தராசுக்கு வாங்க" என்று கூட்டிப் போனேன்.

தினம் காலை ஆறு மணிக்கு, சரக்கு வரும் முன்பு, மேடையில் ஏறி நிற்பார். எண் தெரிகிற பெட்டி கம்பிவலைக்கு உள்ளே மேஜையில் இருக்கும். அங்கே உட்கார்ந்து வேல்பாண்டி எடையைக் கூவுவான். இருபது வருஷமாக அவன்தான் கூவுகிறான். ஓவியா பக்கத்து நாற்காலியில் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்து ஆங்கிலத்தில் சொல்வாள். முதல் நாள் "தொண்ணூத்தி ஒண்ணு முந்நூறு" என்றான். பொம்மையைவிட இரண்டு கிலோ குறைவு.

டேனி குழம்பிப் போனார். எது சரி என்று ஓவியாவைப் பார்த்தார்.

"அப்பா தராச நம்புங்க" என்றாள் அவள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் பொம்மையைத் தொடவில்லை. வேல்பாண்டி கூவுவதைக் கேட்டுக் கேட்டுத் தமிழில் எண்கள் படித்தார். பன்னிரண்டாம் நாள் "தொண்ணூறு ஐநூறு" என்று கேட்டதும் என்னைக் கட்டிப் பிடித்து, குமுளி வழியாகக் கொச்சிக்குக் கார் ஏறினார்.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. துபாய்த் தராசில் நானூறு கிராம் கூடுதல். இரண்டு மணி நேரம் தவணை கொடுத்தார்களாம். வியர்க்க வைக்கிற பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கொண்டு ஓடியும் குறையவில்லை. எதிராளி ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை ரத்து.

எப்படி ஆகும்? என் தராசில் தொண்ணூறு ஐநூறு, அங்கே தொண்ணூற்று ஒன்று நூறா? விமானத்தில் என்ன சாப்பிட்டிருப்பார்? மண்டியில் போய் உட்கார்ந்தேன். ஒரு பெட்டி பன்னீர் திராட்சை மேடையில் இருந்தது. வலைக்குள் எண் இருபத்திரண்டு நானூறு. வேல்பாண்டி "இருபது நானூறு" என்று கூவினான்.

பெட்டிக் கழிவு. காலிப் பெட்டிக்கு இரண்டு கிலோவை மனதில் கழித்துத்தான் அவன் கூவுவான். எல்லா மண்டியிலும் அதுதான் வழக்கம். மாப்பிள்ளைக்கும் கழித்திருக்கிறான். "அண்ணே, வாயி பழகிப்போச்சு" என்று பாவமாக நின்றான். அவனை எப்படித் திட்டுவது? பன்னிரண்டு நாளும் பக்கத்தில் நின்று கேட்டவன் நான். மூச்சு விடுகிற மாதிரி அது எங்களுக்கு. யாருக்கு உறைக்கும்?

அப்போதுதான் உறைத்தது. மூன்றாம் வகுப்பிலிருந்து அந்த மேஜையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள் ஓவியா. நாற்காலியில் இருந்தால் எண் நேராகத் தெரியும்.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"மொத நாளே தெரியும்ப்பா" என்றாள். "அடி வாங்காம வந்தாப் போதும்னு வாய மூடிட்டேன். ஆனா ஒம்பது வருஷக் கனவ நான் கெடுத்துட்டேன். தெரிஞ்சா என்னை மன்னிக்க மாட்டாக. சொல்லிராதீகப்பா."

கோபப்படுவதா, தலையைத் தடவிக் கொடுப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

நாலாம் நாள் டேனி வந்து சேர்ந்தார். முகத்தில் கீறல்கூட இல்லை. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்தது, அதற்காகவே வெட்கமாகவும் இருந்தது. மறுநாள் காலை ஓவியா எழும் முன்பே என்னோடு மண்டிக்கு வந்தார். மேடையில் ஏறவில்லை. வலைக்குப் பக்கத்தில் போய் நின்று, திராட்சைப் பெட்டி ஏறும்போது எண்ணைப் பார்த்தார், கூவுவதைக் கேட்டார்.

"மாப்ள, தப்பு என்னோடது" என்றேன். "பெட்டிக்கு ரெண்டு கிலோ கழிப்போம். நான் சொல்ல மறந்துட்டேன். வேற யாருக்கும் தெரியாது."

அவர் சிரித்தார். பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக அவர் சொன்னதை நான் இரண்டு தடவை கேட்டு வாங்கினேன். ஆறாம் நாளே அவருக்கு எண்கள் பழகிவிட்டன. சும்மா மேடையில் நின்றபடியே வலைக்குள் எட்டிப் பார்த்தார். எண் ஒன்று, கூவியது ஒன்று. அப்போதே தெரியுமாம்.

"அப்புறம் ஏன்?"

"பயம் மாமா" என்றார். அந்த வார்த்தையை எங்கே கற்றாரோ. போன சண்டையில் எட்டாவது சுற்றுக்கு மேல் ஒன்றுமே அவருக்கு ஞாபகம் இல்லையாம். விலகினால் கோழை என்பார்கள். எடை கூடினால் முட்டாள் என்று மட்டும்தான் சொல்வார்கள். துபாயில் இறங்கிய ராத்திரியே பயிற்சியாளர் வியர்க்க வைத்து ஒன்றரைக் கிலோவுக்குப் பக்கம் இறக்கிவிட்டாராம். மிச்சம் இருந்த நானூறு கிராம் ஒரு மணி நேர வேலையாம். தவணை நேரத்தில் பயிற்சியாளர் அந்தப் பக்கம் திரும்பியதும், பாத்ரூம் கதவைப் பூட்டிக்கொண்டு தண்ணீர் குடித்திருக்கிறார்.

"ஓவியாகிட்ட சொல்லாதீங்க" என்றார். "அவ என்னைத் தைரியசாலின்னு நெனைக்கிறா."

அவளுக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியாது. இவருக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது. தராசுக்குச் சொந்தக்காரனான எனக்கு மட்டும் எல்லாம் கடைசியாகத் தெரிந்து, யாரிடமும் சொல்லக் கூடாது என்று இரண்டு சத்தியம். சொல்லிவிட்டால் இரண்டு பேரும் நிம்மதியாக அழுவார்களா, சண்டை போடுவார்களா? இன்று வரை எனக்குப் பிடிபடவில்லை.

மத்தியானம் நாட்டுக்கோழிக் குழம்பு. டேனி முதல்முறையாக இரண்டாம் சோறு கேட்டார். சங்கிலியம்மாள் அகப்பையோடு ஓடி வந்தாள். "போதும்மா, எடை கூடிரும்" என்று பழக்கத்தில் சொல்லிவிட்ட ஓவியா, நாக்கைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். டேனியும் என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன்.

ஒன்றும் தெரியாத சங்கிலியம்மாள்தான் ஒரு தொடைக்கறியை எடுத்து மாப்பிள்ளை இலையில் வைத்தாள்.

"தின்னட்டும் விடு ஆத்தா. இனிமே இவுகள யாரு நிறுக்கப் போறா?"