கட்டில் வேண்டாம் என்றவள்

துணி ஆலையில் இரவு ஷிப்டை நிறுத்திய பிறகு அந்தக் கடைத்தெருவே காற்று வாங்கியது. மரச்சாமான் கடையில் விற்பனையாளனாக இருந்தவனுக்குச் சம்பளம் இன்னும் குறையவில்லை. ஆனாலும் பயம் பிடித்துக்கொண்டது. அநாவசியமாக ஒரு காசு வெளியே போகக் கூடாது என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். வங்கிக் கணக்கில் பணம் முன்பைவிட வேகமாகச் சேர்ந்தது. அதை அடிக்கடி கைப்பேசியில் எடுத்துப் பார்த்துக்கொள்வதில் அவனுக்கு ஒரு நிம்மதி.

கடைக்கு வருகிறவர்களிடம் மட்டும் பேச்சு வேறு. பணத்தைப் பூட்டி வைத்து என்ன காணப் போகிறோம் என்பான். முதலாளியே அசந்துபோவார்.

ஒரு மதியம், அவன் தெருவில் குடியிருக்கும் தையல்காரி வந்தாள். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முன்பு ஒருமுறை வந்து, ஒரு கட்டிலைத் தட்டிப் பார்த்து, இதையே எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இப்போது அது வேண்டாம் என்று சொல்ல வந்திருந்தாள்.

அவன் விடவில்லை. தவணையில் எடுத்துக்கொள்ளலாம், பெண்ணுக்கு இது வாழ்நாளில் ஒருமுறை என்று அடுக்கினான். நாற்காலி பார்க்க வந்த ஒரு கணவன் மனைவியும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினான்.

"எல்லாரும் பயந்துபோய்க் கைய இறுக்கிக்கிட்டா யாருக்குத்தான்க்கா பொழப்பு நடக்கும்?"

"அதத்தான் தம்பி நானும் கேக்குறேன்." அவள் குரலில் கிண்டல் இல்லை. "ஆலைக்காரங்க வீட்டுல தைக்கக் குடுக்காதது எனக்குப் புரியுது. அவங்க வருமானமே பாதியாப் போச்சு. உங்க வீட்டுலயும் ஒரு ரவிக்கைகூடக் குடுக்கலையே. உங்களுக்குமா சம்பளம் நின்னுபோச்சு?"

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். அந்தத் தம்பதி அவசரமாக நாற்காலியின் காலை ஆராயத் தொடங்கினார்கள். அவனுக்குக் காது மடல் சுட்டது. "பாக்கலாங்க்கா" என்று முனகினான். அதற்குள் அவள் கடைப்படி இறங்கியிருந்தாள்.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் எரிந்து விழுந்தான். தைக்க வேண்டிய துணி இல்லையா என்று கேட்டான். அவள் அலமாரியைத் திறந்து ரவிக்கைத் துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

"நீங்கதான நிறுத்தச் சொன்னீங்க. அவங்க மூஞ்சியில முழிக்க முடியாம நான் பின் தெருவால சுத்திப் போயிட்டு வரேன்."

மறுநாள் காலை, துணிகளையும் அளவு ரவிக்கையையும் எடுத்துக்கொண்டு அவனே போனான். தையல்காரி தன் மிஷினை உறையால் மூடி, அதன்மேல் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கி வைத்திருந்தாள். ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடும் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டதாகவும், சாயங்காலத்தில் தைத்துத் தருவதாகவும் சொன்னாள். கடையில் நாலு பேர் முன்னால் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று அவளே வருத்தப்பட்டாள். அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தட்டுகளை இறக்கிவைக்க உதவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டான்.

துணிகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு அவள் கூலியைச் சொன்னாள். வழக்கமான கூலிதான்.

"கொஞ்சம் பாத்துப் போடுங்கக்கா" என்றது அவன் வாய்.

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது.

"சரி தம்பி, கொறச்சுக்கறேன்" என்றாள் உடனே.

இல்லை, முழுசாகவே தருகிறேன் என்று அவன் தடுமாறினான். அதற்குள் அவள் குனிந்து, துணியில் அளவுக்கோடு போடத் தொடங்கியிருந்தாள்.