சொன்ன பேச்சு கேட்காத பெட்டி

டர்போ மாட்டிய காருக்கு இஞ்சின் கம்ப்யூட்டர் தேடுவதும் வரன் தேடுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். சம்பந்தமே இல்லாதவர்கள்தான் அதிகம் கருத்து சொல்வார்கள். எங்கள் தெரு மருந்துக்கடைக்காரிக்கு அதைக் கேட்டுக் கேட்டுக் காதில் ரத்தம் வராத குறை. பகலெல்லாம் மாத்திரை கொடுக்கிற பெண்ணுக்கு எதற்கு டர்போ என்று கேட்டவர்களும் உண்டு. அவளுக்குப் பிடித்திருந்தது, மாட்டினாள். இதற்குமேல் காரணம் கேட்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

முதல் இஞ்சின் போனதற்குக் காரணம் கம்பெனி கொடுத்த கம்ப்யூட்டர்தான். டர்போ இஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கத் திணிக்க, அது ஒன்றும் தெரியாமல் பழைய கணக்கிலேயே பெட்ரோல் விட்டுக்கொண்டிருந்தது. பெட்ரோல் போதாமல் சூடு தலைக்கேறி, பிஸ்டனில் ஓட்டை விழுந்தது. இரண்டாவது இஞ்சினைக் கட்டிக் கொடுத்தவர் அவளுடைய அக்கா வீட்டுக்காரர். தண்ணீர் டேங்க் செய்யும் பட்டறை வைத்திருப்பவர். ஏழு மாத ஞாயிற்றுக்கிழமைகளை அதிலேயே கொட்டினார். அந்த ரக இஞ்சின் இனி எங்கே தேடினாலும் கிடைக்காது. இதுவும் போனால் கார் இரும்புக்கடைக்குத்தான்.

நண்பர்களின் வாட்ஸப் குழு ஒரே குரலில் ஒரு பெரிய கம்ப்யூட்டரைச் சொன்னது. போனிலேயே எல்லாவற்றையும் மாற்றலாம், கலர் கலராகக் கோடுகள் ஓடும். போட்டிக்கு இருந்தது டிபன் டப்பா போல இன்னொரு கம்ப்யூட்டர், வெறும் கறுப்புப் பெட்டி. இஞ்சினுக்குள் ஆயில் சரியாக ஓடாமல் பிரஷர் இறங்கினால் பெரியது எச்சரிக்கை விளக்கு போடும். சின்னது யாரையும் கேட்காமல் இஞ்சினையே அணைத்துவிடும்.

கம்ப்யூட்டரை இஞ்சினுக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுக்கும் ட்யூனிங்காரரிடம் கேட்டாள். வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்க வேண்டியிருக்கும் என்பதால் அவருக்கு மௌனசாமி என்று பெயர். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"எனக்குப் பழக்கம் சின்னதுதான். பெரிசுன்னா உங்க வண்டியிலதான் நான் பழகணும்."

இருக்கிற ஒரே இஞ்சினில் ஒருத்தர் பழகுவதா? சின்னதையே வாங்கினாள். குழு அவளை ஒரு வாரம் கிண்டலடித்தே ஓட்டித் தள்ளியது.

வண்டியை மௌனசாமியின் கூடத்தில் உருளைகள்மேல் ஏற்றி, பட்டையால் இறுக்கிக் கட்டி, நின்ற இடத்திலேயே ஓட விட்டார்கள். இஞ்சினைக் கட்டிய அக்கா வீட்டுக்கார மாமாவும் சலவைச் சட்டையோடு வந்திருந்தார். இஞ்சின் நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றைத் தாண்டியதும் பொசுக்கென்று அணைந்தது. இன்னொரு முறை முடுக்கினார்கள், அதே இடத்தில் அணைந்தது. மூன்றாவது முறையும் அதே கதை. ஆயில் பிரஷர் குறைவு என்று திரை சொன்னது.

"இஞ்சின்ல குறையே இருக்காதும்மா, நான் கட்டினது," என்றார் மாமா. "இந்த டப்பாதான் பொய் சொல்லுது. அந்த அணைக்கிற காவலை எடுத்துட்டு ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாரு."

எடுப்பது சுலபம். திரையில் ஒரு கட்டத்தை அழுத்தினால் போதும். குழு சொன்னதுதான் சரியோ என்று அவளுக்குத் தோன்றியது. ஏழு மாதம் உழைத்த மனுஷனை நம்பாமல் ஒரு பெட்டியை நம்புவதா? விரல் மவுஸ்மேலேயே இருந்தது.

கடையில் சீட்டில் எழுதிய மருந்தளவு உறுத்தினால், டாக்டர் எரிந்து விழுந்தாலும் பரவாயில்லை என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் அவள் மருந்தைக் கொடுப்பாள். அந்தப் பழக்கம் கையைப் பிடித்தது.

"கோவிச்சுக்காதீங்க மாமா. முதல்ல தனியா ஒரு முள் மீட்டர் மாட்டி ஆயில் பிரஷரைப் பாத்துடலாம்."

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. மீட்டரை மாட்டி முடுக்கினார்கள். நாலாயிரத்தில் முள் சரசரவென்று கீழே இறங்கியது. பெட்டி சொன்னது பச்சை உண்மை.

அடியில் ஆயில் தேங்கும் தட்டைக் கழற்றினார்கள். ஆயிலை உறிஞ்சும் சல்லடை முழுக்கச் சாம்பல் நிறப் பசைத் துணுக்குகள். டேங்க் ஒழுகக் கூடாது என்று இடுக்கை அடைக்கும் பேஸ்ட்டை அள்ளி அப்பியே பழகிய கை மாமாவுடையது. அந்தத் தாராளத்தை இஞ்சினில் தட்டை ஒட்டும்போதும் காட்டியிருந்தார். உள்ளே பிதுங்கியதெல்லாம் பிய்ந்துபோய் ஆயில் வரும் வழியை அடைத்திருந்தது.

ஆயில் குறைந்தால் முதலில் தேய்வது பேரிங்தான், இனி அது என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். மௌனசாமி ஒன்றைக் கழற்றி வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"கீறல்கூட இல்ல."

அப்பாடா! பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வெட்கப்படாமல் இரண்டையும் விட்டாள்.

மாமா சல்லடையைக் கையில் வைத்தபடி நின்றார். "அந்த ஒரு தடவை ஓட்டியிருந்தா?"

"முடிஞ்சிருக்கும்," என்றார் மௌனசாமி. இதற்கு மட்டும் உடனே பதில் வந்தது.

"நானே கட்டி நானே கொன்னிருப்பேனேம்மா."

"நானும்தான் மாமா. என் விரல் அதுமேலதான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் அழுத்தல?"

"நீங்க 'நான் கட்டினது'ன்னு சொன்னீங்க பாருங்க, அதான். டாக்டருங்களும் தப்பா எழுதிட்டு 'நான் எழுதினது'ன்னுதான் கத்துவாங்க."

மாமா ஒரு நொடி முறைத்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். தட்டை வழித்துச் சுத்தம் செய்து, திரும்ப மாட்டும் நேரம் வந்தபோது, பேஸ்ட் டியூபை அவளிடம் நீட்டிவிட்டு இரண்டடி தள்ளிப்போய் நின்றுகொண்டார். அவள் எழுந்துபோய் அதை அவர் கையிலேயே வைத்தாள்.

"நீங்களே பூசுங்க மாமா. நான் பக்கத்துல நின்னு போதும் போதும்னு சொல்றேன்."